ஏரியா விவரப் பக்கத்தை எவ்வளவு நம்பலாம்? வாங்குபவருக்கும் விற்பவருக்கும்

வீடு தேடும் எல்லோரும் ஒரு கட்டத்தில் அந்தப் பெட்டியில் வந்து நிற்பார்கள். வீட்டு விளம்பர இணையதளத்தில் படங்களை எல்லாம் தள்ளித் தள்ளிப் பார்த்து முடித்துக் கீழே இறங்கினால், ‘இந்தப் பகுதியைப் பற்றி’ என்று ஒரு பெட்டி இருக்கும். நடக்க வசதி 82, பள்ளி 10-க்கு 7, சத்தம் குறைவு, குற்றம் சராசரிக்கும் கீழே, குடியிருப்போரின் சராசரி வயது 34 என்று வரிசையாக எண்கள். பக்கத்திலேயே பச்சை நிற டிக். பார்த்ததும் மனசு லேசாகிவிடும். எண் என்று வந்துவிட்டால் யாரோ அளந்துதானே போட்டிருப்பார்கள் என்று தோன்றும்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு வீட்டை ஏறக்குறைய முடிவே செய்துவிட்டேன். விவரப் பக்கத்தில் ‘மிகவும் அமைதியான பகுதி’ என்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை 11 மணிக்குப் போய்ப் பார்த்தபோது உண்மையிலேயே இலை விழுகிற சத்தம் கேட்டது. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் என்ன தோன்றியதோ, ஒரு புதன்கிழமை விடிகாலை ஐந்து மணிக்குப் போய்த் தெருமுனையில் நின்றேன். வீட்டின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கிடங்கு. லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னால் வருகின்றன. பீப், பீப், பீப் என்று ரிவர்ஸ் சத்தம், இரும்புக் கதவு தடாலென்று விழுகிற சத்தம், யாரோ ‘வா வா வா, போதும்’ என்று கத்துகிற சத்தம். படுக்கையறை ஜன்னல் அந்தப் பக்கம்தான் இருந்தது. இணையப் பக்கம் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. இந்த மாதிரி சத்த ஸ்கோர்கள் பெரும்பாலும் சாலைப் போக்குவரத்து, விமானப் பாதை, ரயில் தடம் இவற்றை வைத்துக் கணினியில் கணக்கிடப்படுபவை. யாரும் அங்கே மைக் வைத்து அளப்பதில்லை. கிடங்கின் பின்கதவு அந்தக் கணக்கிலேயே இல்லை.

அதிலிருந்து எந்த ஏரியா எண்ணைப் பார்த்தாலும் மூன்று கேள்வி கேட்கிறேன்: யார் போட்ட எல்லை, எந்த வருடத்துக் கணக்கு, எதை அளந்து எதன் பெயரில் காட்டுகிறார்கள். இந்த மூன்றுக்கும் பதில் கிடைக்காத எண்ணை நான் அலங்காரமாகத்தான் பார்ப்பேன்.

எல்லையை யார் போட்டது?

‘இந்தப் பகுதி’ என்று அவர்கள் சொல்வது எது என்று முதலில் பாருங்கள். நாம் ஏரியா என்று மனசில் வைத்திருப்பது ஒன்று. அஞ்சல் குறியீட்டு எல்லை வேறு. கணக்கெடுப்புக்காக அரசு வெட்டிய துண்டு வேறு. வரைபட நிறுவனம் பெயர் எழுதி வைத்திருக்கிற இடம் இன்னும் வேறு. அஞ்சல் குறியீடு தபால் கொண்டு போகிறவர்களின் வசதிக்காகப் பிரித்தது. அதற்குள்ளே ஒரு பக்கம் தோட்டம் வைத்த தனி வீடுகளும் மறுபக்கம் தொழிற்பேட்டையும் இருக்கலாம். இரண்டையும் கூட்டி வகுத்த சராசரி எந்தப் பக்கத்துக்கும் பொருந்தாது.

சராசரி வயது 34 என்று சொன்னேன் இல்லையா, அதையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த எல்லைக்குள் ஒரு பெரிய கல்லூரி விடுதி இருந்து, மிச்சமெல்லாம் ஓய்வுபெற்றவர்கள் வீடாக இருந்தாலும் 34 வரும். இருபது வயதுக்காரர்களும் அறுபது வயதுக்காரர்களும் மட்டுமே இருக்கிற தெருவில், நம் வயதுக் குடும்பங்கள் நிறைய இருக்கும் போல என்று நம்பி வந்து சேருவோம். புள்ளியியலில் இது பழைய பிரச்சினை. கோட்டை நகர்த்தினால் எண்ணும் நகரும் என்று 1934-லேயே எழுதி வைத்துவிட்டார்கள்.

பெயர்களிலும் இதே கூத்துதான். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஃபிஷ்கார்ன் என்ற வட்டாரம் கூகுள் மேப்ஸில் ஃபிஸ்க்ஹார்ன் என்று எழுத்து மாறி ஏறி, அதையே வீட்டு விளம்பரங்களும் எடுத்துப் போட்டதாக 2018-ல் செய்தி வந்தது. ஒரு எழுத்துப் பிழை ஒரு ஊரின் பெயராகவே ஆகிவிடப் பார்த்தது! எனவே செய்ய வேண்டியது இதுதான். விவரப் பக்கத்தில் வரைபடம் இருந்தால் அந்தக் கோடு எங்கே போகிறது என்று பெரிதாக்கிப் பாருங்கள். நீங்கள் பார்க்கும் வீடு அந்த எல்லைக்கு நடுவில் இருக்கிறதா, ஓரத்தில் இருக்கிறதா? ஓரத்தில் இருந்தால் பக்கத்து எல்லையின் விவரத்தையும் திறந்து படியுங்கள். சாலையின் எதிர்ப்பக்கம் வேறு ஏரியாவாக இருந்தாலும் தினமும் நீங்கள் பார்க்கப்போவது அந்த எதிர்ப்பக்கத்தைத்தான்.

எந்த வருடம்?

மக்கள்தொகை, வருமானம், குடும்ப அளவு போன்றவை கிட்டத்தட்ட எல்லாமே அரசுக் கணக்கெடுப்பிலிருந்து வருபவை. அது தவறில்லை, ஆனால் பழையது. இந்தியாவில் கடைசியாக முடிந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2011-இல் நடந்தது, 2021-இல் நடக்க வேண்டியது தள்ளிப்போனது. அமெரிக்காவில் சிறு பகுதிகளுக்கு வெளியாகும் வருமான எண்கள் ஐந்து வருடப் பதில்களை ஒன்றாகச் சேர்த்த மதிப்பீடு. அதோடு பிழை வரம்பையும் சேர்த்தே அரசு வெளியிடுகிறது, சிறு பகுதிகளில் அந்த வரம்பு கணிசமாகவே இருக்கும். ஆனால் வீட்டு இணையதளத்துக்கு வரும்போது பிழை வரம்பு காணாமல் போய் ஒற்றை எண் மட்டும் நிற்கும். இன்னொன்று, 2020 அமெரிக்கக் கணக்கெடுப்பில் தனிநபர்களை அடையாளம் காண முடியாமல் இருப்பதற்காகவே மிகச் சிறிய பகுதிகளின் எண்களில் வேண்டுமென்றே சின்னச் சின்ன மாற்றங்களைப் புகுத்தினார்கள். பெரிய பரப்புக்குக் கூட்டினால் சரியாகிவிடும், ஒரு தெருவுக்கு மட்டும் எடுத்துப் பார்த்தால் நம்பக் கூடாது.

வருடம் எவ்வளவு விளையாடும் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் இங்கிலாந்து, வேல்ஸ் கணக்கெடுப்புதான். அது நடந்த நாள் 2021 மார்ச் 21, கொரோனா ஊரடங்குக்கு நடுவில். வேலைக்குப் போகிறவர்களில் 31 விழுக்காடு பேர் பெரும்பாலும் வீட்டிலிருந்தே வேலை செய்வதாகப் பதில் எழுதியிருந்தார்கள். அடுத்த கணக்கெடுப்பு வரும்வரை, அந்த வட்டாரங்களில் மக்கள் எப்படி வேலைக்குப் போகிறார்கள் என்று யார் கேட்டாலும் அந்த ஊரடங்கு நாளின் பதிலே வந்து நிற்கும்.

பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் ‘தரவு எங்கிருந்து’ என்று ஒரு இணைப்பு இருக்கும். யாரும் தொடுவதில்லை, நீங்கள் தொடுங்கள். வருடம் போடவே இல்லையென்றால் அதுவும் ஒரு பதில்தான்.

குற்றம்: இதில்தான் அதிக ஏமாற்றம்

கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் மக்கள் முதலில் பார்ப்பதும் பயப்படுவதும் இதற்குத்தான்.

வரைபடத்தில் தெரிவது நடந்த குற்றம் அல்ல, போலீஸுக்குப் போன குற்றம். அமெரிக்க அரசு ஆண்டுதோறும் வீடுவீடாக நடத்தும் ஆய்வு, வன்முறைக் குற்றங்களிலேயே பாதிக்கும் கீழேதான் போலீஸுக்குப் போவதாகத் திரும்பத் திரும்பச் சொல்கிறது. ஆக, மக்கள் உடனே புகார் கொடுக்கிற வட்டாரம் மோசமாகத் தெரியும், புகார் கொடுத்து என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிடுகிற வட்டாரம் நல்லதாகத் தெரியும்.

அடுத்தது வகுத்தல். ஆயிரம் பேருக்கு இத்தனை குற்றம் என்பார்கள். அந்த ஆயிரம் பேர் யார்? அங்கே குடியிருப்பவர்கள். கடைவீதி, ரயில் நிலையம், விளையாட்டரங்கம் இருக்கிற இடத்தில் பகலில் லட்சம் பேர் வந்து போவார்கள், இரவில் தூங்குவது சில நூறு பேர். பர்ஸ் தொலைத்தவர் எல்லாம் வெளியூர்க்காரர், ஆனால் வகுப்பது உள்ளூர்க்காரர் தலை எண்ணிக்கையால். சிவப்பாகத்தான் வரும்.

மூன்றாவது, வரைபடத்தில் புள்ளி வைக்கும் இடம். இங்கிலாந்து, வேல்ஸில் காவல்துறையின் பொது வரைபடம், பாதிக்கப்பட்டவரின் அடையாளம் தெரியாமல் இருக்க, சம்பவத்தைப் பக்கத்தில் உள்ள ஒரு பொதுப் புள்ளிக்கு நகர்த்தியே காட்டுகிறது. அதை அவர்களே வெளிப்படையாகச் சொல்லியும் வைத்திருக்கிறார்கள். லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்தது இன்னும் வேடிக்கை. போலீஸின் இணைய வரைபடத்தில், முகவரி புரியாத குற்றங்களையெல்லாம் கணினி தானாகவே நகர்மன்றக் கட்டடம் பக்கம் ஒரே புள்ளியில் குவித்துக்கொண்டிருந்தது. ஊரிலேயே ஆபத்தான இடம் அதுதான் என்பது போல் ஆனதை 2009-ல் பத்திரிகைக்காரர்கள் கண்டுபிடித்தார்கள்.

இந்த மாதிரிச் சிக்கல்களால்தான் 2021 டிசம்பரில் ரியல்டர்.காம் என்ற அமெரிக்க வீட்டு விளம்பர இணையதளம் தன் குற்ற வரைபடத்தை எடுத்துவிட்டது. ரெட்ஃபின் என்ற இன்னொரு தளம் அதே மாதம் இப்படி ஒன்றைச் சேர்க்கவே போவதில்லை என்று அறிவித்தது. நிறத்தை வைத்து ஏரியாக்களை ஒதுக்கிய பழைய பாகுபாட்டையே புதிதாகப் பூசுவது போல் ஆகிவிடும் என்பதும் அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. அது நியாயமான முடிவு என்றுதான் எனக்குப் படுகிறது.

அப்படியானால் எப்படித் தெரிந்துகொள்வது? மொத்த ஸ்கோரை விட்டுவிட்டு வகையைப் பாருங்கள். வீடு புகுந்து திருடுவது உங்களுக்கு முக்கியம், மதுக்கடை வாசல் தகராறு அவ்வளவு இல்லை. ஒரு மாதத்தைப் பார்க்காமல் மூன்று வருடப் போக்கைப் பாருங்கள். வீட்டுக் காப்பீட்டுக்கு அந்த முகவரியை வைத்து ஒரு விலை கேட்டுப் பாருங்கள். காப்பீட்டு நிறுவனம் சொந்தப் பணத்தைப் பணயம் வைத்துக் கணக்குப் போடுகிறது, அழகுக்காகப் போடுவதில்லை.

பள்ளி, நடை, வெள்ளம்

பள்ளி மதிப்பெண் பற்றி ஒன்றே ஒன்று. 10-க்கு இத்தனை என்பது பெரும்பாலும் தேர்வு முடிவு. தேர்வு முடிவு குடும்ப வருமானத்தோடு ஒட்டியே போகும் என்பது கல்வித்துறையில் எல்லோருக்கும் தெரிந்தது. ஆசிரியர் எப்படி நடத்துகிறார் என்று அந்த எண் சொல்லாது. ஒரு வருடத்தில் பிள்ளைகள் எவ்வளவு முன்னேறினார்கள் என்ற கணக்கு தனியாக இருந்தால் அதைப் பாருங்கள். முகவரி வைத்து இடம் கொடுக்கிற ஊராக இருந்தால் இணையதள வரைபடத்தை நம்பி வீடு வாங்காதீர்கள். பள்ளி எல்லைகள் மாறும், இணையதளம் பின்தங்கும். பள்ளி அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கதவு எண்ணோடு கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நடக்க வசதி ஸ்கோர்களில் பிரபலமானது வாக் ஸ்கோர், 2007-ல் வந்தது. கடை, பூங்கா, பள்ளி ஆகியவை ஐந்து நிமிட நடையில் இருந்தால் முழுப் புள்ளி, தூரம் கூடக் கூடக் குறைந்து அரை மணி நேர நடைக்கு மேல் புள்ளியே இல்லை. நல்ல யோசனைதான். ஆனால் நடைபாதை உடைந்து கிடக்கிறதா, இரவில் விளக்கு எரிகிறதா, நடுவில் ஆறு வழிச் சாலையைக் குறுக்கே கடக்க வேண்டுமா என்பதெல்லாம் அந்த எண்ணில் தெரியாது. 82 என்று போட்ட ஒரு வீட்டிலிருந்து கடைக்கு நான் நடந்து பார்த்தேன். சிக்னலில் நின்ற நேரம் மட்டுமே நான்கு நிமிடம். கையில் பையோடு திரும்பி நடந்து பார்த்தால்தான் அது 82-ஆ 50-ஆ என்று தெரியும்.

வெள்ள அபாயத்தில் மட்டும் சற்றும் அசட்டையாக இருக்காதீர்கள். 2017-ல் ஹார்வி புயலின்போது அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரம் இருக்கும் ஹாரிஸ் கவுண்டியில் வெள்ளம் புகுந்த வீடுகளில் மூன்றில் இரண்டு பங்கு, அரசு வரைபடம் வரைந்திருந்த நூறாண்டு வெள்ள எல்லைக்கு, அதாவது எந்த வருடத்திலும் வெள்ளம் வர நூற்றில் ஒரு வாய்ப்பு உள்ள பகுதிக்கு, வெளியே இருந்தவை. ஸில்லோ என்ற அமெரிக்க வீட்டு இணையதளம் 2024-ல் வீட்டுப் பக்கங்களில் பருவநிலை அபாய ஸ்கோர் சேர்த்தது, விற்பவர் தரப்பிலிருந்து எதிர்ப்பு கிளம்பியதும் 2025 கடைசியில் எடுத்துவிட்டது. ஆக, பக்கத்தில் அபாயம் என்று எதுவும் எழுதாததால் அபாயமே இல்லை என்று ஆகாது. போய்ப் பார்க்கும்போது சுவரின் அடியில் ஈரக்கோடு இருக்கிறதா, மின்சாரப் பெட்டியை எந்த உயரத்தில் வைத்திருக்கிறார்கள், பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் புதிதாகப் படி கட்டி உயர்த்தியிருக்கிறாரா என்று கவனியுங்கள். பெரிய மழை பெய்த மறுநாள் போவது இன்னும் நல்லது.

விலைப் போக்கு வரைபடம் பற்றியும் ஒரு வார்த்தை. சிறிய ஏரியாவில் வருடத்துக்குப் பத்து வீடுதான் கைமாறும். அந்த வருடம் பெரிய வீடுகள் நாலு விற்றால் ‘விலை ஏறுகிறது’ என்று அம்புக்குறி மேலே போகும். எந்த வீட்டின் மதிப்பும் ஒரு பைசா மாறியிருக்காது. தானாகக் கணக்கிடும் வீட்டு மதிப்பும் இப்படித்தான். ஸில்லோவே வெளியிடும் கணக்குப்படி, விற்பனைக்குப் பட்டியலிட்ட வீடுகளில் அதன் மதிப்பீட்டுப் பிழையின் இடைநிலை சுமார் 2 விழுக்காடு, பட்டியலிடாத வீடுகளில் சுமார் 7. கேட்கும் விலை தெரிந்த பிறகு கணிப்பது சுலபம்தானே! இடைநிலை என்றால் பாதி வீடுகளில் பிழை அதற்கும் மேலே என்று அர்த்தம்.

விற்பவரா? நீங்களும் அந்தப் பக்கத்தைப் படிக்க வேண்டும்

விற்பவர்களில் பெரும்பாலானோர் தங்கள் ஏரியா பக்கத்தைத் திறந்தே பார்ப்பதில்லை. இத்தனை வருடம் இங்கேயே இருக்கிறோம், நமக்குத் தெரியாததா என்ற நினைப்பு. வாங்க வருகிறவர் அதைப் படித்துவிட்டுத்தான் உங்கள் வாசலுக்கே வருகிறார், அல்லது படித்துவிட்டு வராமலே போகிறார்.

என் அக்கா வீட்டை விற்கப் போட்டபோது இரண்டு மாதம் யாரும் வரவில்லை. வீட்டில் குறை எதுவும் இல்லை. பிறகு ஒருநாள் உட்கார்ந்து பார்த்தால், இணையதள வரைபடத்தில் வீட்டின் இடம் காட்டும் குத்தூசி ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் குத்தியிருந்தது. அதனால் வேறு ஏரியாவின் பெயர், வேறு பள்ளி, வேறு எல்லாம். வீட்டை வலைபோட்டுத் தேடுகிறவர்கள் எங்கள் ஏரியா பெயரைத் தட்டினால் அந்த வீடு வரவே வராது. திருத்தச் சொல்லி எழுதினோம், பதில் இல்லை. சொத்து வரி ரசீதும் வரைபடப் படமும் இணைத்து மறுபடி எழுதினோம். ஆறு வாரம் கழித்து மாறியது. பட்டியலிடுவதற்கு முன்பே பார்த்திருந்தால் அந்த இரண்டு மாதம் மிச்சம்.

எனவே விளம்பரம் போடுவதற்கு ஒரு மாதம் முன்னால், முகம் தெரியாத ஒருவர் போல உங்கள் முகவரியைத் தேடுங்கள். நாலைந்து இணையதளங்களில் பாருங்கள், ஒவ்வொன்றும் வெவ்வேறு கதை சொல்லும். குத்தூசி சரியாக இருக்கிறதா, அறை எண்ணிக்கையும் பரப்பளவும் பத்திரத்தோடு ஒத்துப்போகிறதா, மூடிவிட்ட பள்ளியோ கடையோ இன்னும் இருக்கிறதா, புதிதாக வந்த பேருந்துத் தடம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பல இணையதளங்களில் உரிமையாளர் என்று நிரூபித்தால் சில விவரங்களை நீங்களே திருத்தலாம். வரைபடப் பிழையை மூல வரைபடத்திலும் போய்த் திருத்தக் கேளுங்கள், இல்லாவிட்டால் அடுத்த மாதம் அதே பிழை திரும்ப ஏறிவிடும்.

எண் உண்மையிலேயே உங்களுக்குப் பாதகமாக இருந்தால் என்ன செய்வது? மறைக்காதீர்கள், விளக்குங்கள். நடக்க வசதி குறைவு என்று வந்தால், வீட்டிலிருந்து நிலையத்துக்கு எத்தனை நிமிடம் என்று நீங்களே நடந்து எழுதி வையுங்கள். வெள்ளம் என்று வந்தால், இத்தனை வருடத்தில் தண்ணீர் எதுவரை வந்தது என்பதை நேராகச் சொல்லுங்கள், காப்பீட்டுக் கோரிக்கை எதுவும் போடவில்லை என்றால் அதற்கான தாளையும் காட்டுங்கள். உண்மையான குறையை மறைத்து விற்றால் பின்னால் கோர்ட் வாசல்வரை போக நேரிடலாம். விமர்சனப் பகுதியில் வேறு பெயரில் நீங்களே புகழ்ந்து எழுதுகிற வேலையும் வேண்டாம். ஒரே வாரத்தில் மூன்று ஐந்து நட்சத்திரம் விழுந்தால் படிப்பவருக்குத் தெரியாதா என்ன. அப்புறம், ‘இங்கே நல்ல ஆட்கள் மட்டும்தான் இருக்கிறார்கள்’ என்ற தொனியில் குடியிருப்பவர்களைப் பற்றி விளம்பரத்தில் எழுதாதீர்கள். அது அசிங்கம், சில நாடுகளில் சட்ட மீறலாகவும் ஆகலாம்.

வாங்குபவர் கடைசியில் கால்நடையாகப் போகத்தான் வேண்டும்

நான் மூன்று முறை போவேன்: வேலைநாள் விடிகாலை, வேலைநாள் மாலை, வார இறுதி இரவு. காரில் சுற்றக் கூடாது, நடக்க வேண்டும். வேலைக்குப் போகும் நேரத்தை வரைபடத்தில் பார்ப்பதானால் இப்போது கிளம்பினால் என்று பார்க்காமல், செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று போட்டுப் பாருங்கள். நகராட்சித் திட்டப் பதிவுகளில் அந்தத் தெருவைத் தேடுங்கள். எதிரே காலி மனையாக இருப்பது நாளைக்கு எட்டு மாடியாக இருக்கலாம், விவரப் பக்கங்கள் நேற்றைப் பற்றி மட்டுமே பேசும்.

விமர்சனங்களைப் படிக்கலாம், நட்சத்திரத்தை விட்டுவிட்டுப் படியுங்கள். எழுதுபவர்கள் புதிதாகக் குடிவந்த மகிழ்ச்சியில் இருப்பவர்கள், அல்லது கோபத்தில் காலி செய்தவர்கள். நடுவில் பத்து வருடமாகப் பேசாமல் வாழ்கிறவர் எழுதுவதில்லை. அவரைத் தெருவில்தான் பிடிக்க முடியும்.

அப்படி ஒருவரை நான் பிடித்தேன். செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த ஒரு பெரியவர். ஏரியா எப்படி என்று கேட்டால் எல்லோரும் நல்லாயிருக்கும் என்றுதான் சொல்வார்கள், அதனால் நான் கேட்டது வேறு: “ஐயா, இந்த வீட்டை வித்துட்டு மறுபடி வாங்குறதா இருந்தா இதே தெருவுல வாங்குவீங்களா?” பைப்பைக் கீழே போட்டுவிட்டு யோசித்தார். “இதே தெருதான் தம்பி. ஆனா எதிர் வரிசையில வாங்குவேன். இந்தப் பக்கம் சாயந்திரம் ஆறு மணிக்குத் தண்ணி வராது.”

நான் பார்க்கப் போன வீடு இந்தப் பக்கம்தான் இருந்தது.